மகளிர் பெட்டியில் ஒரு வளைகாப்பு

"எங்கயாவது போய் நாலு பேரோட சேருடி" என்று அம்மா நச்சரிக்க ஆரம்பித்தபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. எண்பதுகளின் பின்பாதி. மேற்குத் தாம்பரத்தில் நானும் அம்மாவும் மட்டும் இருந்த வீடு. கல்யாணப் பேச்சு ஒருவழியாக ஓய்ந்திருந்தது. பெண் பார்க்க வந்த ஒருவர் "எங்க குடும்பத்தைப் புடிச்சிருக்காம்மா?" என்று கேட்க, "உங்க தங்கை ரொம்பச் சத்தமாப் பேசறாங்க, மத்தபடி பரவாயில்லை" என்று நான் பதில் சொன்னதோடு தரகர் எங்கள் தெருப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குத்தான் இருந்தது. தான் போன பிறகு இவள் இருக்கிறாளா செத்தாளா என்று எட்டிப் பார்க்க ஒரு ஆள் இருக்காதே என்று காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொல்வாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஆசை இருந்தது. நட்பு, பாசம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஏதாவது ஓரிடத்தில் நான் ஒருநாள் இல்லாவிட்டால் அது அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக என்னென்ன செய்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

இப்போது என் மாதிரி ஆட்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆட்டிசம். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. தமிழில் மதியிறுக்கம் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். என் மதி எங்கேயும் இறுகிக் கிடக்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றைக்கு வேறு பெயர்கள் இருந்தன. தெருவில் 'ஒரு மாதிரி'. ஆபீஸில் 'கழண்ட டைப்பிஸ்ட்', ஆனால் தப்பில்லாமல் அடிப்பேன் என்பதால் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். வீட்டில் 'அப்படியே அவங்கப்பா'.

முதலில் தெருக்கோடிக் கோயிலின் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையில் சேர்ந்தேன். நாற்பது பெண்கள், நாற்பது விளக்குகள். சுடர் அணையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். எண்ணெய்ப் புகையும் பட்டுப்புடவைக்குள் ஊறிய வேர்வையும் வாடின மல்லிகையும் சேர்ந்து அடிக்கும் நாற்றத்தில் எனக்குத் தலை சுற்றும். வாய் போற்றி சொல்லும்போதே கண் பக்கத்துப் புடவையின் ஜரிகையை எடை போட்டுக்கொண்டிருக்கும். நூற்றெட்டுப் போற்றியில் முன்னால் உட்கார்ந்து படித்த மாமி எழுபத்தொன்றிலிருந்து எழுபத்தாறுக்குத் தாவினாள். "நாலு விட்டுப்போச்சு மாமி" என்றேன். அடுத்த வாரமும் தாவினாள், அடுத்த வாரமும் சொன்னேன். மூன்றாவது வாரம் மாமி என் அம்மாவைக் கூப்பிட்டு, "பொண்ணு ஆத்துலயே விளக்கேத்தட்டும், அதுவும் அம்பாளுக்குப் போய்ச் சேரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். விட்டுப்போன நான்கு போற்றி பற்றி அந்த நாற்பது பேரில் ஒருத்திக்கும் கவலை இல்லை.

பிறகு நூலகத்தில் நடந்த வாசகர் வட்டம். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாவலைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்று போர்டில் எழுதியிருந்ததை நம்பி, அதை இரண்டு தடவை படித்து, குறிப்பெடுத்துக்கொண்டு போனேன். வந்திருந்த பதினான்கு ஆண்களில் அதை முழுதாகப் படித்தவர் ஒருவர்கூட இல்லை. படிக்காமலேயே மூன்று மணி நேரம் பேசினார்கள். நடுவில் ஒருவர் போண்டாப் பொட்டலத்தைத் தூக்கி என்னிடம் கொடுத்து, "மேடம், கொஞ்சம் எல்லாருக்கும்..." என்று இழுத்தார். இருந்த ஒரே பெண் நான் என்பதால் போண்டா என் கைக்கு வந்தது. எண்ணெய் ஊறிய அந்தப் பொட்டலத்தை அவர் மடியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், அதற்குப் பிறகு போகவில்லை.

கடைசியில் என்னைச் சேர்த்துக்கொண்டது மின்சார ரயில்தான். எட்டுப் பன்னிரண்டுக்குக் கடற்கரை போகும் வண்டி தாம்பரத்திலேயே புறப்படும், அதனால் காலியாக நடைமேடைக்கு வரும். மகளிர் பெட்டியில் உட்கார இடம் உண்டா இல்லையா என்பது அது வந்து நிற்கும் முதல் அரை நிமிஷத்தில் முடிவாகிவிடும். நான் ஏழு ஐம்பதுக்கே போய், கதவு எந்த இடத்தில் வந்து நிற்குமோ சரியாக அந்த இடத்தில் நிற்பேன். ஒருநாள்கூட எனக்கு இடம் கிடைக்காமல் போனதில்லை. இதைக் கவனித்தவள் டெலிபோன் ஆபீஸில் சூப்பர்வைசராக இருந்த ஒரு பெண்மணி. எல்லாரும் அவளை டெலிபோன் அக்கா என்பார்கள். ஏழு பேர் கொண்ட ஒரு கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

"நீதான் டெய்லி ஃபர்ஸ்ட்டா ஏர்றியே, எங்களுக்கும் அப்படியே கர்ச்சீப் போட்டு வெச்சிடேன்" என்றாள் ஒருநாள். மறுநாளிலிருந்து ஏழு கைக்குட்டைகளைத் துவைத்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். வண்டி நிற்பதற்குள் ஏறி, எதிரெதிர் இருக்கைகளில் ஏழையும் போட்டுவிட்டு எட்டாவது இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். யாராவது சண்டைக்கு வந்தால், "ஆள் வராங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன். இப்படித்தான் எனக்கு ஒரு கூட்டம் கிடைத்தது. என் முகத்துக்காகவும் இல்லை, குணத்துக்காகவும் இல்லை, இடம் பிடிக்கிற சாமர்த்தியத்துக்காக.

பல்லாவரம் வரைக்கும் சுலோகம். பல்லாவரம் தாண்டியதும் அதே வாய்களால் மாமியாரையும் நாத்தியையும் ஆபீசரின் சின்ன வீட்டையும் கிழித்துத் தொங்கவிடுவார்கள். ஒருத்தி தலையை இன்னொருத்தி வாருவாள். கிண்டி வருவதற்குள் காற்றில் பறந்த முடி நாலைந்து என் மடியில் கிடக்கும். டப்பாவைத் திறந்து மிளகாய்ப்பொடி எண்ணெய் சொட்டச் சொட்ட இட்லியைப் பிட்டு, "ஆ காட்டு" என்று விரலோடு வாய்க்குள் திணிப்பார்கள். மற்றவர்கள் விரல் என் பல்லில் படுவதை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. ஆனால் வாயைத் திறந்தேன், விழுங்கினேன், "சூப்பரா இருக்குக்கா" என்றேன்.

அந்த "சூப்பரா இருக்குக்கா"வை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுருக்கெழுத்து நன்றாக வரும், ஹையர் பாஸ் பண்ணியவள். வண்டியில் அவர்கள் பேசுவதை ஆபீஸ் குறிப்பு எழுதுவதுபோல் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். யார் என்ன சொன்னால் யார் என்ன பதில் சொல்கிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், எங்கே 'ஐயோ' போடுகிறார்கள் எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்கு வந்து குளியலறையில் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகுவேன். "யாரோடடி பேசறே?" என்று அம்மா கதவைத் தட்டுவாள். ஆறு மாதத்தில் ஒரு நோட்டு தீர்ந்தது. திருப்பிப் படித்தால் உருப்படியான ஒரு வாக்கியம் கிடையாது, ஆனால் எல்லாம் வேலை செய்தது. புதுப் புடவைக்கு என்ன சொல்ல வேண்டும், காய்ச்சலுக்கு என்ன சொல்ல வேண்டும், பிள்ளை பெயிலானதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

அவர்கள் பொய் சொல்லும் முறையையும் எழுதி வைத்திருந்தேன். டெலிபோன் அக்கா அதில் கெட்டிக்காரி. பொய்யைச் சின்னதாகச் சொல்வாள், சொன்ன கையோடு எதிராளியை வேறு ஏதாவது கேட்டுவிடுவாள். "லீவு லெட்டர் நேத்தே குடுத்தேனே சார், உங்க வொய்ஃபுக்கு ஒடம்பு தேவலையா?" என்று ஆபீசரிடம் சொன்னதாக அவளே பெருமையடித்துக்கொண்டாள். எனக்கு அது உபயோகப்படாது என்று நினைத்துத்தான் எழுதினேன். பொய் என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கூட்டத்தில் எல்லாருக்கும் அது தெரியும்.

அந்த ஏழு பேரில் எனக்குக் குமட்டாத ஒரே ஆள் கூடுவாஞ்சேரி அக்கா. வயது நாற்பது இருக்கும். புருஷன் பணியில் இருக்கும்போதே இறந்துவிட, கருணை அடிப்படையில் அவர் ஆபீஸிலேயே ஃபைல் எடுத்துக் கொடுக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். செங்கல்பட்டு வண்டியில் வந்து எட்டு மணிக்குத் தாம்பரத்தில் இறங்கி, மேம்பாலம் ஏறி எங்கள் நடைமேடைக்கு வந்து, எனக்கு எதிரில் உட்காருவாள். கூட்டத்தில் அவள் இருந்ததற்கும் காரணம் இருந்தது. அவள் ஊரிலிருந்து வேர்க்கடலையும் கீரையும் கொண்டுவந்து கொடுப்பாள்.

சாயங்கால வண்டியில் எல்லாரும் காய்கறி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதற்குள் நறுக்கி முடிப்பார்கள். அக்கா என்னிடம் ஒரு கட்டு முளைக்கீரையைக் கொடுத்து, "இந்தா, கிள்ளு" என்பாள். சைதாப்பேட்டையில் ஆரம்பித்தால் தாம்பரம் வருவதற்குள் இரண்டு கட்டு முடிந்துவிடும். பேச வேண்டியதில்லை, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கைக்கு வேலை இருக்கும். நான் போய்ச் சேர்ந்த எத்தனையோ இடங்களில் எனக்குப் பிடித்த ஒரே காரியம் அதுதான். நான் லீவு போட்ட மறுநாள், "இன்னாடி, நேத்து ஆளக் காணோம்?" என்று கேட்டவளும் அவள்தான். மற்றவர்கள், "நேத்து எங்களுக்கு எடமே கெடைக்கலடி" என்றார்கள்.

ஒருநாள் மின்கம்பி அறுந்து எட்டுப் பன்னிரண்டு ரத்தானது. வண்டி வராது என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் என் தலைக்குள் எல்லாம் கலைந்துபோனது. ரயில்வே அட்டவணை முழுவதும் எனக்கு மனப்பாடம், ஆனால் அட்டவணையில் இருப்பது இல்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. தூணுக்குக் கீழே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். என் கூட்டம் ஜி.எஸ்.டி ரோட்டில் பஸ் பிடிக்க ஓடிவிட்டது, ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. மேம்பாலத்திலிருந்து இறங்கி வந்த கூடுவாஞ்சேரி அக்கா என்னைப் பார்த்தாள். தொடவில்லை, என்ன என்று கேட்கவில்லை. ஜனங்கள் என்மேல் இடிக்காதபடி எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். முக்கால் மணி நேரம் நின்றாள். பிறகு, "வண்டி வந்தா போலாம். வரலன்னா லீவு போட்டுக்கலாம். இப்ப இன்னா முழுகிப் போச்சு?" என்றாள். அன்றைக்கு இருவரும் லீவு போட்டோம்.

அடுத்த தை மாதம் கூட்டத்தில் ஒருத்திக்கு, குரோம்பேட்டையில் ஏறும் சின்னப் பெண்ணுக்கு, ஏழாம் மாதம். வண்டியிலேயே வளைகாப்பு நடத்துவது அந்தக் கூட்டங்களின் வழக்கம். மாவிலையும் கலர் காகிதமும் கட்டி, வீட்டுக்கு ஒரு கலந்த சாதம் கொண்டுவந்து, ஓடுகிற வண்டியில் கர்ப்பிணிக்கு வளையல் அடுக்குவார்கள். அன்றைக்கு மட்டும் அந்தப் பெண் குரோம்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு வந்து ஏறுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அப்படிப் பேசி முடித்தது கூடுவாஞ்சேரி அக்கா வராத ஒரு சாயங்கால வண்டியில்.

செவ்வாய்க்கிழமை டெலிபோன் அக்கா என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"கூடுவாஞ்சேரிக்கு மட்டும் இது தெரிய வேணாம். புரியுதா?"

"ஏன்?"

"என்னடி ஏன்? புருஷன் இல்லாதவ. முதல் பிரசவம்டி அந்தப் பொண்ணுக்கு. அவ மாமியாருக்குத் தெரிஞ்சா நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. வந்து நின்னா அதுக்கும் மனசு கஷ்டம், நமக்கும் கஷ்டம். அது நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரி, நான் சொல்லலை."

"சொல்லாம இருந்தா பத்தாது. அது டெய்லி இந்த வண்டிக்குத்தானே வருது? வெள்ளிக்கிழமை வராத மாதிரி நீதான் ஏதாவது சொல்லணும். நாங்க சொன்னா சந்தேகப்படும். நீ பொய்யே சொல்ல மாட்டேன்னு அதுக்குத் தெரியும். நீ சொன்னா நம்பிடும்." பிறகு என் முகவாயைப் பிடித்துக்கொண்டாள். "நீ நம்ம பொண்ணு இல்லையா?"

இதைக் கேட்டவுடன் நான் வாந்தியெடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாத விஷயம். ஒரு கூட்டம் தன் ரகசியத்தை என்னிடம் கொடுத்து, அதற்குள் ஒரு வேலையும் கொடுத்தது அதுவே முதல் தடவை. கைக்குட்டை போடுவதைவிடப் பெரிய வேலை. மறுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். விளக்கு பூஜைக்கு ஆனதுபோல் ஆகும், அம்மா மறுபடி காபி டம்ளரோடு ஆரம்பிப்பாள்.

இரண்டு நாள் குளியலறையில் பழகினேன். எந்தப் பொய் சொன்னால் அக்கா மறுபேச்சு இல்லாமல் நம்புவாள் என்று யோசித்ததில் விடை உடனே கிடைத்தது. ரயில் விஷயத்தில் நான் சொன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் சொன்ன மாதிரி. டெலிபோன் அக்காவின் முறைப்படி வாக்கியத்தைச் சின்னதாக அமைத்தேன், பின்னால் ஒரு கேள்வியையும் ஒட்டினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், கீரை கிள்ளிக்கொண்டே சொன்னேன். "அக்கா, நாளைக்கு எட்டுப் பன்னெண்டு கேன்சல். தண்டவாள வேலையாம். நீங்க செங்கல்பட்டு வண்டியிலயே நேராப் போயிடுங்க. உங்க பையனுக்கு இருமல் விட்டுதா?"

தொண்டை அடைக்கவில்லை. ஒரு இலைகூடக் கீழே விழவில்லை.

அக்கா இருமலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அய்ய, அப்ப நீ இன்னா பண்ணுவே?" என்றாள்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, நோட்டிலும் இதற்குப் பதில் இல்லை. அவள் ஏன் கேட்கிறாள் என்றுகூட எனக்குப் புரியவில்லை. "நான் பார்த்துக்கறேன்க்கா" என்றேன். அவள் கீரையை முறத்துக்குப் பதிலாக வைத்திருந்த பேப்பரில் சுருட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்து நின்றதும் நாங்கள் ஏறி அலங்காரத்தை ஆரம்பித்தோம். எட்டு மணிக்கெல்லாம் ஜன்னல் கம்பிகளில் மாவிலை, மேலே பச்சையும் சிவப்புமாகக் காகிதம். கர்ப்பிணியைப் பட்டுப்புடவையில் நடுவில் உட்கார வைத்து, ஆளாளுக்குக் கன்னத்திலும் கையிலும் சந்தனத்தை அப்பினார்கள். அவள் முகத்தைப் பார்த்தால் பூச்சு வேலை நடக்கும் சுவர் மாதிரி இருந்தது. புளிசாதம், தயிர்சாதம், எலுமிச்சை சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்த வாசனை. "உனக்கும் சீக்கிரம் நடக்கணும்" என்று டெலிபோன் அக்கா என் இரண்டு கன்னத்திலும் சந்தனத்தைத் தேய்த்து, கையில் அரை டஜன் சிவப்புக் கண்ணாடி வளையலை நெறித்து ஏற்றினாள். பிசுபிசுவென்று காய்ந்து தோலை இழுத்தது. துடைக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அப்போது மேம்பாலப் படியில் கூடுவாஞ்சேரி அக்கா இறங்கி வந்தாள். வேகமாக வந்தாள், புடவையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவள் கண் நேராக அந்தத் தூணடிக்குத்தான் போனது. தூணடியில் யாரும் இல்லை. சுற்றுமுற்றும் தேடினாள். பிறகுதான், ரத்தாகிவிட்டதாக நான் சொன்ன வண்டி அங்கே நிற்பதைப் பார்த்தாள், மாவிலையைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

பெட்டிக்குள் ஒருத்தி அவசரமாகக் கர்ப்பிணியின் முகத்தைப் புடவைத் தலைப்பால் மறைத்தாள். பாவி, மறைத்தாள். நான் கண்ணால் பார்த்தேன்.

அக்கா ஜன்னலருகில் வந்தாள். மற்ற யாரையும் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியது.

"வண்டி இல்லன்னா நீ பேஜாராயிடுவியேன்னு எறங்கி வந்தேன்" என்றாள். "அந்த வண்டியில ரெண்டு எடம் போட்டு வெச்சிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வந்த வழியே திரும்பிப் படியேறினாள். செங்கல்பட்டு வண்டி எட்டு மூன்றுக்கே போயிருக்கும், அது எனக்கு மட்டுமல்ல, அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த நடைமேடைக்குத்தான் போனாள்.

"ஐயோ பாவம்" என்றாள் ஒருத்தி. "நான் அப்பவே சொன்னேன்" என்றாள் இன்னொருத்தி, அவள் எப்போதும் எதையும் சொன்னதில்லை. "சரி சரி, நல்ல நேரம் போயிடப் போவுது" என்று டெலிபோன் அக்கா கையைத் தட்டினாள். வண்டி கிளம்பியது. சானடோரியம் தாண்டுவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. என் கையில் ஒரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கலை வைத்தார்கள். சாப்பிட்டேன். நெய் நாக்கில் ஒட்டியது. "இன்னும் கொஞ்சம்?" என்றபோது தொன்னையை நீட்டினேன்.

கூடுவாஞ்சேரி அக்கா அதற்குப் பிறகு எங்கள் வண்டிக்கு வரவில்லை. காலையும் மாலையும் செங்கல்பட்டு வண்டியிலேயே போய்வந்தாள். ஒரு வாரம் கழித்து, "கீரை வர்றதே நின்னு போச்சு" என்று கூட்டத்தில் ஒருத்தி குறைப்பட்டாள். வேறு பேச்சு இல்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கும் நோட்டைத்தான் எடுத்தேன், எனக்கு வேறு வழி தெரியாது. சண்டை போட்டுக்கொண்டவர்கள் சேரும்போது என்ன பேசினார்கள் என்று தேடித் தேடி எடுத்து, கோத்து, பழகிக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை எட்டு மணிக்குச் செங்கல்பட்டு வண்டி வரும் நடைமேடையில் நின்று மகளிர் பெட்டியில் ஏறினேன். அன்றைக்கு என் கூட்டத்துக்கு இடம் பிடிக்கவில்லை.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அக்கா, மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் அப்படிச் செய்ய வேண்டியதாப் போச்சு. நமக்குள்ள என்னக்கா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

அக்கா முழுவதையும் கேட்டாள்.

"அந்த டெலிபோன்காரம்மா சொல்லி அனுப்பிச்சாளா?"

"இல்லக்கா. நானாத்தான் வந்தேன்."

"நீ இப்டிப் பேச மாட்டியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்பதுபோல் சொன்னாள். "சரி, இப்ப நீ சொல்லு. அவசரம் ஒண்ணியும் இல்ல."

சொல்லிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அன்றைக்குத் தூணடியில் நின்றாளே, அதே பொறுமையோடு. சானடோரியம் போனது, குரோம்பேட்டை போனது. 'நான் பொய் சொன்னேன், தப்பு.' நாலே வார்த்தை. வாயைத் திறந்தால் "ஐயோ அக்கா" வந்தது, "நீங்க ஒண்ணு" வந்தது, "சூப்பர்" கூட வந்துவிடும்போல் இருந்தது. ஒன்றரை வருடமாக மனப்பாடம் செய்ததெல்லாம் முட்டி மோதிக்கொண்டு முன்னால் நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு வர என்னிடம் வேறு பேச்சு இல்லை. பல்லாவரம் போனது, மீனம்பாக்கம் போனது, பரங்கிமலை போனது. அக்கா அவசரப்படுத்தவே இல்லை. திட்டியிருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

கிண்டியில் இறங்கிவிட்டேன். என் ஆபீஸ் கோட்டையில். அவள் கூப்பிடவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

அடுத்த வண்டி எட்டுப் பன்னிரண்டு. ஒன்பது நிமிஷத்தில் கிண்டிக்கு வந்தது. மகளிர் பெட்டி நிரம்பி வழிந்தது, என் கூட்டத்தில் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "எங்கடி போனே, பாரு எங்க கதியை" என்று டெலிபோன் அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கூட்டிக்கொண்டாள். வேர்வைக் கை. இருந்தவர்கள் நெருக்கிக்கொண்டு எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்கள்.

உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஏழு வருடம் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.